கரண்டு போட்டோவுக்குப் போட்ட மாலை

போர்வையை இழுத்துக்கோ. காலை உள்ள வை. கதை சொல்றேன், ஆனா நீ 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா எங்க விட்டேன்னு எனக்குத் தடுமாறிடும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுக்குள்ள ஒரு சுவரு. அந்தச் சுவத்துல ஒரே ஒரு ஆணி. அந்த ஆணியில ஒரு போட்டோ தொங்குச்சாம். போட்டோவுல இருக்கிறவரு பேரு குத்தாலம். மீசை வெச்சிருப்பாரு. சிரிக்க மாட்டாரு. அவரு செத்துப்போய் ரொம்ப வருசம் ஆச்சு.

அந்த வீட்டுல அவரு பொண்டாட்டி உலகம்மா இருந்தா. அவளுக்குப் பீடி சுத்துற வேலை. சுவருக்கு எதுக்க உக்காந்து, மடியில தட்டை வெச்சுக்குவா. கத்தரிக்கோலால இலையை வெட்டுவா, சரக். தூளை வெப்பா, உருட்டுவா, தலையை மடக்குவா, நூலைச் சுத்துவா, டப்புனு அறுப்பா. ஒரு பீடி. அப்புறம் நிமிர்ந்து புருசன் போட்டோவைப் பாப்பா. அப்புறம் அடுத்த பீடி. அப்படியே சுத்திச் சுத்தி ஒத்தையா இருந்து ஒரு மகளைப் படிக்க வெச்சுட்டா.

மகள் பேரு ஆவுடைச்செல்வி. ஆவுடைன்னு கூப்பிடுவாங்க. அவ கப்பல்ல வேலை பாத்தா. ஆளு ஏத்துற கப்பல் இல்ல, சரக்குக் கப்பல்.

"பொண்ணு கப்பல் ஓட்டுவாளா தாத்தா?"

ஓட்டல. கீழ இஞ்சினைப் பாத்துக்குவா. தடக் தடக் தடக்குனு ஓடும்ல, அது நிக்காம பாத்துக்கணும். நீ 'ம்' மட்டும் சொல்லு.

ம்.

அப்போ ஒரு தடவை லீவுக்கு வந்தவ ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தா. பிரிச்சா உள்ள ஒரு கண்ணாடிச் சட்டம். படம் ஒண்ணும் இல்ல, ஒரே கறுப்பு. அம்மாக்காரி கேட்டா, "என்னட்டி இது, வெறும் கண்ணாடிக்கா காசைக் கொடுத்த?"

"பொறும்மா"ன்னு சொல்லி ஆவுடை ஆணியில இருந்த அப்பா போட்டோவைக் கழட்டி, பழைய சேலையில சுத்தி அரிசி டிரம்முக்குப் பின்னாடி வெச்சா. கண்ணாடியை அந்த ஆணியில மாட்டி, வயரைப் பிளக்ல சொருகினா. டிங்! கண்ணாடிக்குள்ள குத்தாலம் வந்து நின்னாரு. உலகம்மா வாயைத் திறந்தவ மூடவே இல்ல. கொஞ்ச நேரத்துல குத்தாலம் போயிட்டாரு. கல்யாணப் படம் வந்துச்சு. அது போச்சு. ஆவுடை பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்குற படம் வந்துச்சு. அது போய் ஆட்டுக்குட்டி வந்துச்சு.

"இது மாறிக்கிட்டே இருக்கும்மா. நீ பீடி சுத்திக்கிட்டே பாரு. நான் கப்பல்ல இருந்து படம் அனுப்புனாலும் இதுக்குள்ளயே வந்து விழும். டிங்னு சத்தம் கேக்கும். அப்போ நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுக்கோ"ன்னா.

ஊர்ல அதுக்குக் கரண்டு போட்டோன்னு பேரு ஆயிடுச்சு.

இப்ப இன்னொருத்தி வருவா. அவளையும் தெரிஞ்சுக்கோ. அவ குத்தாலத்தோட அக்கா பிச்சம்மா. அடுத்த தெரு. உலகம்மா அவளை மதினின்னு கூப்பிடுவா. ஆவுடைக்கு அத்தை. சின்னதுல ஆவுடையை இடுப்புல வெச்சுச் சோறு ஊட்டுனதே இந்த அத்தைதான். ஆனா வாய் இருக்கே, வாய், அது கத்தரிக்கோல். வந்தா, நடு வீட்டுல நின்னா, கரண்டு போட்டோவை மேலயும் கீழயும் பாத்தா.

"ஏட்டி உலகு, எந்தம்பியைப் பிளக்ல சொருகிட்டியா?"

"ஆவுடை வாங்கிட்டு வந்தா மதினி."

"ஸ்விச்சை அணைச்சா எந்தம்பி எங்கட்டி போவான்? எறும்பு மாதிரி வயருக்குள்ளயா?"

மதினி கேட்டதும் சும்மா இல்ல. கரண்டு போட்டோவால வந்த தொல்லை கொஞ்சமா? கரண்டு போனா எல்லாரும் போயிடுவாங்க. வந்தா 'டிங்'னு முதல்ல இருந்து வருவாங்க. கல்யாணப் படத்துல குத்தாலத்துக்கு நெத்திக்கு மேல தலையே தெரியாது, சட்டத்துக்கு வெளிய போயிடும். ஒரு படத்துல ஆவுடை தலைகீழா நிப்பா, திருப்பவே தெரியல. விருந்தாளி சாப்பிடும்போது பாத்து ஆட்டுக்குட்டி வரும். அது பாட்டு வேற பாடும். நான் பாடிக் காட்ட மாட்டேன், கேக்காத.

வெள்ளிக்கிழமைதான் பெரிய கூத்து. போட்டோவுல இருக்கிற பெரியவங்களுக்குச் சந்தனம் தொட்டு, குங்குமப் பொட்டு வெப்பாங்கல்ல? உலகம்மா குளிச்சு முழுகி, பயபக்தியா, புருசன் வர்ற வரைக்கும் காத்திருந்து, நெத்தியில டக்குனு பொட்டை வெச்சா. வெச்சு கையை எடுக்கல, படம் மாறிடுச்சு! பொட்டு போய் ஆட்டுக்குட்டி மூக்குல உக்காந்துடுச்சு.

சிரிச்சது போதும். விக்கல் வரும். படு.

அப்புறம் ஆவுடை போன்ல சொல்லிக்கொடுத்தா. "வேணுங்கிற படம் வந்ததும் கட்டை விரலை வெச்சுக் கொஞ்ச நேரம் அமுக்கிக்கிட்டே இரும்மா. அந்தப் படம் மாறாம நிக்கும். மறுபடி ஓடணும்னா விரலை வெச்சு இப்படிப் பக்கவாட்டுல தள்ளு. விரல் காஞ்சிருக்கணும். ஈரக்கை ஆகாது." உலகம்மா பழகிட்டா.

தொல்லை இருந்தாலும் அவளுக்கு அது பிடிச்சுப் போச்சு. ஒரு பீடி சுத்தி முடிக்கும்போது ஒரு படம் மாறும். அடுத்த பீடிக்கு அடுத்த படம். சுத்திக்கிட்டே பாத்துப் பாத்து, எதுக்குப் பின்னாடி எது வரும்னு அவளுக்கு மனப்பாடம். மொத்தம் நாப்பத்தொண்ணு. வீட்டுல பேச்சுத்துணை இல்லாதவளுக்கு நாப்பத்தொரு பேரு வந்து வந்து போனா எப்படி இருக்கும்? இந்த நாப்பத்தொண்ணை ஞாபகம் வெச்சுக்கோ, பின்னாடி வேணும்.

ம்.

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. குத்தாலத்துக்கு வருசத் திதி. திதின்னா செத்துப்போன நாளு. அன்னைக்கு அவருக்குப் பிடிச்சதைச் சமைச்சு, படத்துக்கு மாலை போட்டு, விளக்கு ஏத்தி, இலையில படைப்பாங்க. அப்புறம் ஒரு பிடி சோத்துல எள்ளு தூவி மாடியில வெச்சு, "கா கா"ன்னு கூப்பிடுவாங்க. காக்கா வந்து எடுத்தா, செத்தவரே வந்து சாப்பிட்டாருன்னு அர்த்தம். அது எடுக்கிற வரைக்கும் வீட்டுல ஒருத்தரும் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டாங்க. படத்து மாலையையும் எடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். மாலை செத்தவங்க படத்துக்குத்தான். உசுரோட இருக்கிறவங்க படத்துக்குத் தப்பித்தவறிக்கூடப் போட மாட்டாங்க. போட்டா ஆகாதுன்னு பயம்.

திதிக்கு முன்னாடி ஆவுடை கடைசியாப் பேசும்போது, "அம்மா, இனிமே பெரிய கடல்ல போறோம். போன் பேச சிக்னல் இருக்காது. கப்பல்ல நெட்டு கிடைச்சா படம் மட்டும் அனுப்புறேன். அப்பாவுக்கு இந்த வருசம் என்னைக்கு வருது?"ன்னு கேட்டா. அம்மா காலண்டரைப் பாத்துத் தேதி சொன்னா. "நீ தண்ணி நடுவுல இருக்க. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். மனசுல நெனச்சுக்கோ போதும்"ன்னா. அதுக்கு அப்புறம் போன் இல்ல. டிங்கும் இல்ல. நாளு ஓடுச்சு. பக்கத்து வீட்டு டிவியில புயல், புயல்னு சொன்னாங்க. எந்தக் கடல்ல புயல்னு உலகம்மா காதுல சரியா விழல. பாதி விழுந்தா முழுசைவிடப் பயம் அதிகம். அவளுக்கு ராத்திரியில தூக்கம் போச்சு.

ம்… அப்புறம்?

திதி அன்னைக்கு விடிஞ்சதும் உலகம்மா வாசல் தெளிச்சா, வந்து உக்காந்து நாப்பத்தொரு படத்தையும் ஒரு சுத்து பாத்தா. புதுசு ஒண்ணும் இல்ல. பெருமூச்சு விட்டு எந்திரிச்சா. குத்தாலம் படம் வந்ததும் கட்டை விரலை வெச்சு அமுக்கி நிப்பாட்டினா. சமைச்சா. சாம்பாரு, அவரைக்காய்ப் பொரியலு, வாழைக்காய், உளுந்த வடை, பாயசம். மதினி வந்தா. கையில கட்டியா ஒரு செவ்வந்தி மாலை.

"நான்தான் போடுவேன். நான் மூத்தவ"ன்னு சொல்லி, தம்பி படத்துக்கு மாலையைப் போட்டா. பெரிய மாலை. கண்ணாடியில முக்காவாசியை மறைச்சுடுச்சு. நடுவுல மூஞ்சி மட்டும் வட்டமாத் தெரிஞ்சுது. உலகம்மா சந்தனத்தைக் குழைச்சு நெத்தியில வெச்சு, மேல குங்குமம் வெச்சா. விளக்கு ஏத்தினா. மதினி மணியை எடுத்து ஆட்டினா. கிணி கிணி கிணி கிணி. உலகம்மா சூடத்தைக் காட்டினா. ரெண்டு பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டாங்க.

கண்ணைத் திறந்தாங்க.

மாலைக்கு நடுவுல குத்தாலம் இல்ல. ஆவுடை இருந்தா.

ம்.

அவ நெத்தியில சந்தனப் பொட்டு. கழுத்தைச் சுத்திச் செவ்வந்தி மாலை. முன்னாடி விளக்கு. முன்னாடி இலை.

மதினி கையில இருந்த மணி விழுந்துச்சு. டங்ங்ங்.

"அய்யோ, எம் பிள்ளை!"ன்னு உலகம்மா வாயில கையை வெச்சா. அப்புறம் ஓடிப்போய் விரலை வெச்சுத் தள்ளினா. படம் நகரல. மறுபடி தள்ளினா. நகரல. கண்ணாடி பூரா ஈரச் சந்தனம், கையும் ஈரம். துடைக்கலாம்னு முந்தானையை எடுத்தா. எடுத்த கை அப்படியே நின்னுடுச்சு. துடைக்கணும்னா பொட்டைத் துடைக்கணும். பொட்டு எங்க இருக்கு? ஆவுடை நெத்தியில.

"மதினி, எம் பொண்ணு நெத்தியில இருந்து எங்கையால பொட்டை அழிக்கவா?"

"அழிக்காதட்டி! அழிக்காத!"

சரின்னு ஸ்விச்சுக்கு ஓடினா. ஸ்விச்சு மேல விரலை வெச்சா. அணைச்சா கறுப்பாயிடும். நிமிர்ந்து பாத்தா. மகள் கண்ணு நேரா அவளைப் பாக்குது. விரலை இழுத்துக்கிட்டா.

"முடியல மதினி. அவ மூஞ்சியை எப்படி அணைக்க?"

அன்னைக்கு 'ஸ்விச்சை அணைச்சா எந்தம்பி எங்க போவான்'னு கேட்டவதானே மதினி? இப்ப அதே கேள்வி ரெண்டு பேரு நெஞ்சுலயும் உக்காந்துக்கிச்சு.

அப்போ உலகம்மா மாலையில கையை வெச்சா. மதினி பாய்ஞ்சு வந்து அவ கையைப் பிடிச்சா.

"அதை எடுக்காத!"

"உசுரோட இருக்கிற பிள்ளை கழுத்துல கிடக்கு மதினி!"

"எந்தம்பிக்குப் போட்டது. வருசத்துல ஒரு நாள் வாரான். இன்னும் ஒரு வாய் தின்னல. வாசல்ல வந்து நிக்கிறவன் கழுத்து மாலையை உருவி அனுப்பவா? அந்தக் கோவம் யாரு மேல விழும்? அந்தப் பிள்ளை மேலதானே விழும்?"

உலகம்மா கையை எடுத்துட்டா. எடுத்தாலும் ஆகாது. எடுக்காட்டாலும் ஆகாது. கண்ணு, அந்த மாதிரி ஒரு நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

"போன் போடலாம்ல தாத்தா?"

போட்டா. போடாம இருப்பாளா? காதுல வெச்சா ஒரு பொம்பளை பேசுறா. "நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்." தினமும் கேட்டதுதான். அன்னைக்கு அந்த 'அப்பால்'ங்கிறது காதுல ஈட்டி மாதிரி ஏறுச்சு. போனைக் கீழ வெச்சுட்டா.

"காக்கா வந்து சோத்தை எடுத்துட்டா மாலையை எடுத்துடலாம்ல மதினி?"

"எடுத்துடலாம். அடுத்த நிமிசம் எடுத்துடலாம். வா, வா, சோத்தை எடு."

ரெண்டு பேரும் மாடிக்கு ஓடினாங்க. சோத்தை உருட்டி, எள்ளைத் தூவி, கைப்பிடிச் சுவத்துல வெச்சாங்க. கா, கா, கா! எதுத்த வீட்டு மரத்துல ஒரு காக்கா உக்காந்து பாத்துச்சு. கழுத்தை இப்படிச் சாய்ச்சுச்சு. வா, வா. விர்ருனு பறந்து போயிடுச்சு.

ரெண்டாம் தடவை. "அவனுக்கு வடைன்னா உசுரு, வடையை வை"ன்னா மதினி. வெச்சாங்க. கா, கா, கா! காக்கா வந்துச்சு. சுவத்துல உக்காந்துச்சு. தத்தித் தத்தி, தத்தித் தத்தி, சோத்துக்குப் பக்கத்துல வந்துருச்சு. மூக்கை நீட்டுச்சு. அப்போ எங்க இருந்தோ ஒரு பூனை, மியாவ்னு தண்ணித்தொட்டி மேல இருந்து குதிச்சுச்சு. போச்சு.

மூணாம் தடவை. வானம் கறுத்துடுச்சு. காத்து வீசுச்சு. மாமரம், புளியமரம் ஒண்ணுலயும் ஒரு காக்கா இல்ல. உலகம்மா கூப்பிட்டா. "கா, கா! ஏங்க, வாங்க. கா, கா! நம்ம பிள்ளைக்காக வாங்க." டம்ம்ம்னு இடி. ஒண்ணும் வரல.

தூங்கிட்டியா?

ம்… இல்ல. வரலியா?

வரல. சோத்தைத் தட்டு வெச்சு மூடிட்டுக் கீழ வந்தாங்க. ஆவுடை அப்படியே நிக்கிறா, மாலையும் பொட்டுமா. மதினிக்குச் சர்க்கரை வியாதி. காலையில இருந்து ஒண்ணும் திங்காம கை வெடவெடன்னு நடுங்குது. உலகம்மா வெல்லத்தைக் கொண்டு வந்து நீட்டினா.

"ஒரு துண்டு வாயில போடுங்க மதினி. விழுந்துடப் போறீங்க."

"அவன் திங்காம நான் திம்பேனா? விழுந்தா விழுறேன். நீ எனக்கும் ஒரு மாலை வாங்கிப் போட்டு, என்னையும் பிளக்ல சொருகிடு."

அந்த நேரத்துலயும் அவ வாய் அப்படி. ஆனா கண்ணு ரெண்டும் தண்ணி.

அப்போ லைட்டு மங்குச்சு. காத்துக்குக் கம்பி ஆடுது போல. ஆவுடை மூஞ்சி மங்குச்சு… வந்துச்சு. மங்குச்சு… வந்துச்சு. உலகம்மாவுக்கு மூச்சு, மூஞ்சி மங்குறப்ப நின்னு, வர்றப்ப வந்துச்சு. தினமும் உக்காந்து பீடி சுத்துற இடத்துலயே போய் உக்காந்துட்டா. கை தன்னால இலையை எடுத்துச்சு. சுத்தத் தெரிஞ்ச கை பயந்தாலும் சுத்தும்ல, அப்படி. உருட்டுச்சு, மடக்குச்சு. நூலைச் சுத்துற நேரத்துக்கு வழக்கம் போல நிமிர்ந்தா.

நிமிர்ந்தவ அப்படியே பாத்துக்கிட்டு இருந்தா. கையில நூலு தொங்குது.

"மதினி."

"என்ன?"

"இந்தப் படம் இதுல கிடையாது."

"என்னட்டி சொல்லுத?"

"ஆவுடை படம் மொத்தமும் எனக்குத் தெரியும். கப்பு வாங்குனது, தலைகீழா நிக்கிறது, கப்பல் ஏணியில நிக்கிறது, எல்லாத்துலயும் முடியைப் பின்னிப் போட்டிருப்பா. இதுல காத்துல பறக்குது பாருங்க. நாப்பத்தொண்ணுல இது இல்ல. காலையில கூட இல்ல."

"அப்படின்னா?"

"புதுசா வந்திருக்கு. நீங்க மணி அடிச்சீங்கல்ல, அப்போ டிங்னு கேட்டிருக்கும். மணிச் சத்தத்துல தெரியல. புதுசு வந்ததும், நான் நிப்பாட்டி வெச்சிருந்த அவங்க அப்பாவைத் தள்ளிட்டு அந்த இடத்துல இவ வந்து நின்னுட்டா."

மதினி மெதுவாக் கேட்டா, "ஏட்டி… அது எப்பவோ அனுப்புனதா இருந்தா? புயலுக்கு முன்னாடி அனுப்பி, வழியில எங்கயோ நின்னு, இப்ப வந்திருந்தா?"

உலகம்மா நெஞ்சுல பூத்தது மறுபடி கருகிடுச்சு. அப்படியும் இருக்கலாம்ல? எப்ப எடுத்ததுன்னு மூஞ்சியில எழுதியா இருக்கு? மூஞ்சி மட்டும்தானே தெரியுது. மத்தது பூரா மாலைக்குப் பின்னாடி.

அவ எந்திரிச்சா.

"மதினி, நான் மாலையைக் கழட்டல. தூக்கித்தான் பாக்கப் போறேன். தூக்கலாம்ல?"

மதினி யோசிச்சா. தம்பி படத்தைப் பாக்கணும்னு நிமிர்ந்தா, தம்பி மகள்தான் தெரிஞ்சா.

"தூக்கு. கழட்டிடாத."

உலகம்மா ரெண்டு விரலால மாலையோட கீழ்ப்பக்கத்தைப் பிடிச்சு, மெதுவா, மெதுவாத் தூக்கினா. முதல்ல சட்டைக் காலரு தெரிஞ்சுது. அப்புறம் தோளு. அப்புறம் நீட்டின ஒரு கை. கையில ஒரு எவர்சில்வர் மூடி. மூடியில…

"சோறு"ன்னா உலகம்மா.

"என்னது?"

"சோத்து உருண்டை மதினி. மேல கறுப்பா என்னமோ."

மதினி மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மறுபடி போட்டு, மூக்கு படுற அளவுக்குக் கிட்டப் போனா.

"எள்ளு. எள்ளு தூவியிருக்காட்டி. இந்தக் கடல்ல இவளுக்கு எள்ளு எவன் கொடுத்தான்?"

உலகம்மா இன்னும் கொஞ்சம் தூக்கினா. மூடிக்கு மேல ரெண்டு பெரிய வெள்ளை ரெக்கை விரிஞ்சிருந்துச்சு. ஒரு பறவை. அதோட மூக்கு சோத்துக்குள்ள முழுசாப் புதைஞ்சு இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி சாம்பல் நிறத்துல கடலு.

எள்ளுச் சோறு வைக்கிற நாள் வருசத்துக்கு ஒண்ணுதானே? அம்மா போன்ல சொன்ன தேதி. அது இன்னைக்குத்தான். எடுத்ததும் இன்னைக்கு, அனுப்புனதும் இன்னைக்கு.

"இருக்கா மதினி"ன்னு சொன்னா உலகம்மா. "நல்லா இருக்கா. அவ அப்பாவுக்குச் சோறு வெச்சிருக்கா."

மதினி அந்தப் பறவையையே பாத்துக்கிட்டு இருந்தா. "வெள்ளையால்ல இருக்கு. காக்கா இல்லையே"ன்னா.

"கடல்ல காக்காவுக்கு எங்க போவா? அங்க இருக்கிறதுதானே வரும்?"

வெளிய மழை சடசடன்னு பிடிச்சுக்கிச்சு. அப்புறம் மதினி சொன்னா.

"அதான் இங்க வரல."

"என்ன மதினி?"

"மூணு தடவை கூப்பிட்டோம்ல. ஏன் வரலேன்னு நெனச்ச? மகள் கூப்பிட்டிருக்கா. அங்க போயிட்டான். ரெண்டு பேரு இங்க தொண்டை கிழியக் கத்துறோம், அவன் கப்பல் ஏறி மக கையால சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான். சின்ன வயசுல இருந்தே எந்தம்பி இப்படித்தான். அக்கான்னா அவனுக்கு ரெண்டாவதுதான்."

சொல்லிட்டு அழுதா. அழுதுக்கிட்டே சிரிச்சா. உலகம்மாவுக்கும் அப்படித்தான்.

"சாப்பிட்டுட்டாருல்ல மதினி? அப்ப…"

"நீ நகரு. நான் போட்டது. நானே எடுக்கேன்."

ரெண்டு கையையும் வெச்சு மதினி மாலையைத் தூக்கி எடுத்தா. இப்ப படம் முழுசாத் தெரிஞ்சுது. கடலும், பறவையும், சோறும், காத்துல பறக்குற முடியுமா ஆவுடை. நெத்தியில பொட்டு மட்டும் மிச்சம். உலகம்மா முந்தானையை எடுத்தா.

"விடு"ன்னா மதினி. "பொட்டு இருக்கட்டும். உசுரோட இருக்கிற பிள்ளைக்குப் பொட்டு நல்லாத்தானே இருக்கு."

அப்புறம் மாலையைக் கையில வெச்சுக்கிட்டு எங்க போடன்னு முழிச்சாங்க. உலகம்மா அரிசி டிரம்முக்குப் பின்னாடி கையை விட்டுச் சேலையில சுத்தியிருந்த பழைய போட்டோவை எடுத்தா. தூசியைத் துடைச்சா. குத்தாலம், மீசையோட, சிரிக்காம. மாட்டுறதுக்கு ஆணி இல்ல. சுவத்துல இருந்தது ஒரே ஆணிதானே? மதினி அலமாரியில தேடி ஒரு ஆணியை எடுத்தா. சுத்தியல் இல்ல. அம்மிக் குழவியைத் தூக்கினா.

"மதினி, கை நடுங்குது, நான் அடிக்கேன்."

"எந்தம்பிக்கு நான் அடிப்பேன். நீ ஆணியைப் பிடி. விரலை எடுத்துக்கோ, நசுக்கிட்டா என்னைச் சொல்லாத."

டொக். டொக். டொக்.

பழைய போட்டோ ஏறுச்சு. மாலை ஏறுச்சு. இங்க மாறாத படம். அங்க மாறுற படம். கரண்டு போட்டோவுக்கு அதுக்கப்புறம் யாரும் மாலை போடல.

"காக்கா தாத்தா?"

ம்? காக்கா வந்துச்சு. மழை விட்டதும் வந்துச்சு. மாடியில மூடியிருந்த தட்டைத் தட்டிவிட்டு, சோத்தை விட்டுட்டு வடையைத் தூக்கிட்டுப் போச்சு. மதினி பாத்துட்டு, "ரெண்டாம் பந்திக்கு வாரான் பாரு"ன்னா. அப்புறம்தான் அவ இலையில உக்காந்தா. உக்காந்து, நாலு வடை சாப்பிட்டா. பாயசம் கேட்டா. "சர்க்கரை மதினி"ன்னு உலகம்மா சொன்னா. "எந்தம்பி சாப்பிட்டுட்டான், நீ ஊத்து"ன்னா.

அப்போ, கேளு, டிங்!

இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தாங்க. வெறும் மூடி. ஒரு பருக்கை கூட இல்ல. அதைத் தூக்கிக் காட்டிக்கிட்டு ஆவுடை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறா.

"நாப்பத்தி மூணு"ன்னா உலகம்மா.

ம்…

அவ்வளவுதான் கண்ணு. ஒரு ஆணியில தொடங்குன கதை ரெண்டு ஆணியில வந்து மாட்டிக்கிச்சு. இந்த லைட்டை இப்ப நான் அணைக்கலாம், இதுல யாரு மூஞ்சியும் இல்ல. டக். நீயும் கண்ணை மூடு.